மூன்றாம் நம்பர் மூட்டை

பெரிய ஆஸ்பத்திரியின் பின்வாசலை ஒட்டி இருந்த சலவைக்கூடத்தில் வெயில்காலம், மழைக்காலம் என்று தனித்தனியாகக் கிடையாது. உள்ளே நுழைந்தால் வருஷம் முழுக்க ஆவிதான். கொதிநீர்த் தொட்டிகளிலிருந்து எழும் வெள்ளை ஆவி கூரைத் தகரத்தில் முட்டி, சொட்டுச் சொட்டாகத் திரும்பி விழும். பத்தடி தள்ளி நிற்பவளின் முகம் தெரியாது. கை மட்டும் தெரியும். அதனால் அங்கே வேலை செய்தவர்கள் ஒருவரை ஒருவர் கையை வைத்தும் இருமலை வைத்தும்தான் அடையாளம் கண்டார்கள். "நமக்கெல்லாம் ஆவிகூடத்தான் பொழப்பு" என்று பெண்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு, சொன்னது தப்போ என்பதுபோல மூன்றாம் நம்பர் மிஷின் நின்ற மூலையை ஒருமுறை பார்த்துக்கொள்வார்கள்.

நெட்டை அங்கே சேர்ந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. கதவு நிலையில் தலை இடிக்கிற உயரம் என்பதால் அந்தப் பெயர். அவள் புருஷன் கொத்தனார். அவள் தோளுக்குத்தான் வருவான். "சாரம் கட்டாம பூசணும்னா இவளக் கூட்டிட்டுப் போனாப் போதும்" என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பான். அந்தச் சாரம்தான் ஒருநாள் அவனைக் கீழே தள்ளியது. வலது குதிகால் நொறுங்கிவிட்டது. அவளுக்கு அப்போது மூன்றாம் மாதம். இப்போது ஆறு முடியப்போகிறது. அவன் இன்னும் ஒரு நாற்காலியைத் தள்ளிக்கொண்டுதான் வீட்டுக்குள் நடமாடினான். வீட்டில் மூன்றாவது ஆள் அவனுடைய அக்கா. நெட்டைக்கு அண்ணி. அவளுக்கும் அதே சலவைக்கூடத்தில்தான் வேலை. பிழியும் வரிசைக்கு அவள்தான் மூத்தவள். காலையில் யார் எந்த மிஷினில் நிற்பது என்று சொல்வது அவள்தான். அந்த இரண்டு பெண்களின் கைகளை நம்பித்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது.

பிழியும் மிஷின்கள் ஆறு. ஒவ்வொன்றும் இடுப்பளவு ஆழமான இரும்பு டிரம். படுக்கை விரிப்புகளும் ஆபரேஷன் அறைப் பச்சைத் துணிகளும் அலசி முடிந்ததும் கயிற்று வலைப்பையோடு அதற்குள் இறங்கும். மிஷின் சுற்றிச் சுற்றித் தண்ணீரை வெளியே தள்ளும். நின்றதும் மூடியைத் திறந்து, விளிம்புக்கு மேல் குனிந்து, பையின் இரண்டு காதுகளையும் பிடித்துத் தூக்கித் தள்ளுவண்டியில் போட வேண்டும். பன்னிரண்டு நிமிஷத்துக்கு ஒரு மூட்டை. சாப்பாட்டு நேரம் போக நாள் முழுக்க அதுதான்.

மாசமாக இருப்பதாகச் சொன்ன அன்றே அண்ணி அவளை மூன்றாம் நம்பருக்கு மாற்றிவிட்டாள்.

"அங்கயா அண்ணி?"

"அங்கதான். முக்காலி ஒன்னு கெடக்கு, நடுவுல உக்காரலாம். கக்கூஸும் பக்கம். மாசமா இருக்கறவங்கள நான் எப்பவும் அங்கதான் போடுவேன்."

அதற்குமேல் கேட்க முடியாது. அண்ணி பேச்சை முடித்தால் முடித்ததுதான்.

மூன்றாம் நம்பரை அங்கே யாரும் பெயர் சொல்லிப் பேசுவதில்லை. 'அது' என்பார்கள். காலையில் அதுவும் மற்ற மிஷின்களைப் போலத்தான் ஓடும். மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் சத்தம் மாறும். சுற்றுகிற இரைச்சலுக்கு அடியில், யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு முனகுவதுபோல ஓர் இழுவை கேட்கும். அதன்பிறகு வருகிற மூட்டைகள் கனக்கும். அதே துணி, அதே பைதான். ஆனால் உள்ளே யாரோ ஏறிக் குந்திக்கொண்டு இறங்கமாட்டேன் என்று அடம்பிடிப்பதுபோல இருக்கும். "அது ஏறிடுச்சு" என்று பக்கத்து மிஷின்காரி தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். ஆறு வருஷத்தில் அங்கே நின்ற மூன்று பெண்களுக்குக் கரு கலைந்துவிட்டது. முதல் ஆள் அண்ணி. ஐந்தாம் மாதம். அடுத்த வருஷம் அவள் புருஷன் வேறொருத்தியோடு போய்விட, ஒரு தகரப்பெட்டியோடு அவள் தம்பி வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அந்தக் குழந்தையைப் பற்றி அவள் பேசி யாரும் கேட்டதில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை மூன்று மணி வாக்கில் அது நடந்தது. மிஷின் முனகி நின்றது. நெட்டை மூடியைத் திறந்து குனிந்தாள். குளிர்ந்த விளிம்பு வயிற்றில் இடித்தது. காதுகளைப் பிடித்து இழுத்தாள். மூட்டை அசையவில்லை. இன்னொரு தடவை இழுத்தபோது, உள்ளேயிருந்து யாரோ அதே வேகத்தில் திருப்பி இழுத்த மாதிரி இருந்தது. பல்லைக் கடித்து முழு உடம்பாலும் தூக்கினாள். மூட்டை வந்தது. கூடவே அடிவயிறு கல்லாக இறுகியது.

மூட்டையை வண்டியில் போட்டுவிட்டு முக்காலியில் உட்கார்ந்தாள். ஆவி விலகி விலகிக் கூடியது. வலைக்குள் ஈர விரிப்புகள் ஒரு வடிவமாகப் படிந்திருந்தன. முழங்காலை மடித்துக்கொண்டு, முதுகை வளைத்துக்கொண்டு, தலையைக் கவிழ்த்துக்கொண்டு ஓர் ஆள் உட்கார்ந்திருப்பதைப்போல. அதன் மூலையிலிருந்து தண்ணீர் நிற்காமல் வழிந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது, மத்தியானத்திலிருந்து வயிற்றுக்குள் அசைவே இல்லை.

வீட்டுக்கு வந்தபோது கொத்தனார் சோறும் முட்டையும் சமைத்து வைத்திருந்தான். ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்தாள்.

"உப்பு போட்டீங்களா?"

"ரெண்டு தடவ போட்டேன். மொத தடவ போட்டேனான்னு எனக்கே நம்பிக்கை இல்ல."

அவள் சிரிக்கவில்லை. அப்போதுதான் அவன் அவள் முகத்தைச் சரியாகப் பார்த்தான். சொன்னாள். அவளை இடப்பக்கம் சாய்த்துப் படுக்கவைத்தான். சர்க்கரைத் தண்ணீர் கலக்கிக் கொடுத்தான். உடைந்த காலை ஒருபக்கம் நீட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து வயிற்றில் காதை வைத்தான்.

"என்ன கேக்குது?"

"இரு."

"என்னங்க கேக்குது?"

"உன் வயிறு பசிக்குதுன்னு சொல்லுது. வேற ஒன்னும்... இரு, பேசாத. அரை மணி பாப்போம். இல்லன்னா ஆட்டோ புடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போயிடுவோம்."

ஜன்னலில் வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. தெருவில் யாரோ சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போனார்கள். அறை வாசலில் அண்ணி நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று இருவருக்கும் தெரியவில்லை.

"பயப்படாத" என்றாள் அண்ணி. "அது ஒன்னும் பண்ணாது."

"எது அண்ணி?"

அண்ணி சமையல் பக்கம் போய், ஏற்கெனவே கழுவி வைத்திருந்த டம்ளரை மறுபடி கழுவினாள். தண்ணீர் விழுகிற சத்தம் வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தது.

கொத்தனார் ஆட்டோவுக்குச் சொல்ல நாற்காலியைப் பிடித்து எழப்போனபோது அவள் அவன் கையை இழுத்தாள். அவன் திரும்பவும் காதை வைத்தான். வைத்த இடத்திலேயே ஓர் உதை விழுந்தது.

"செவுட்டுல விட்டான் பாரு ஒன்னு!" என்று கத்தியவன், அப்படியே அவள் வயிற்றில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதுவிட்டான்.

அந்த வாரக் கடைசியில் சூப்பர்வைசர் எல்லோரையும் கூப்பிட்டார். காதில் எப்போதும் பென்சில் செருகியிருப்பார். முதுகுக்குப் பின்னால் அவர் பெயரே பென்சில்தான்.

"திங்கக்கெழம காலைல அரசாங்கத்துலருந்து ஒரு அம்மா வராங்க. மாசமா இருக்கறவங்க எவ்வளவு தூக்குறாங்கன்னு அளந்து எழுதணுமாம். புது உத்தரவு." நெட்டையைப் பார்த்தார். "நம்ம ஆளு நீ ஒருத்திதான். ஒன்னும் கஷ்டமில்ல. முகத்தச் சுளிக்காம தூக்கு. அதிகம்னு எழுதிட்டாங்கன்னா உன்ன வீட்ல உக்கார வெச்சிடுவாங்க. அப்பறம் நான் ஒன்னும் பண்ண முடியாது."

"வீட்ல உக்காந்தா யாரு சோறு போடுவா சார்?"

"அதத்தானே நானும் சொல்றேன்."

வீட்டுக்குப் போகிற வழி முழுக்க அண்ணியும் அதையேதான் சொன்னாள். "தம்பி கால் சரியாகட்டும். இன்னும் ரெண்டு மாசம். பல்லக் கடிச்சுக்க."

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு அந்த அம்மாள் வந்தாள். ஐம்பது வயதிருக்கும். தோள்பையில் கொக்கித் தராசு, அளவு நாடா, ஒரு நோட்டு. வந்தவுடனே பெண்கள் பெயர் வைத்துவிட்டார்கள், அளவுக்காரம்மா. ஆவியில் அவள் கண்ணாடி மூடிக்கொண்டது. துடைத்தாள். மறுபடி மூடியது. கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு, "சரி, கையால பாத்துக்கறேன்" என்றாள். பெண்களுக்கு அவளைப் பிடித்துவிட்டது.

விட்டத்தில் தராசைத் தொங்கவிட்டு மூன்றாம் நம்பர் மூட்டையை மாட்டினாள். பதினேழு கிலோ. டிரம்மின் ஆழத்தை அளந்தாள். பிறகு நெட்டையைக் குனியச் சொல்லி, பையின் காதிலிருந்து அவள் முதுகெலும்புவரை நாடாவைப் பிடித்தாள்.

"மூனு மாசம் முன்னாடி இந்த மூட்டை உன் உடம்ப ஒட்டி வந்திருக்கும். இப்ப வயிறு நடுவுல நிக்குது. அது வளர வளர மூட்டை உன்ன விட்டுத் தள்ளித் தள்ளிப் போகும். தராசுல அதே பதினேழுதான். உன் முதுகுக்கு மட்டும் வாராவாரம் கனம் கூடிக்கிட்டே வர்ற மூட்டை."

கனம் கூடுகிற மூட்டை என்றதும் பின்னால் யாரோ மூச்சை இழுத்துக்கொள்வது கேட்டது. அளவுக்காரம்மா திரும்பிப் பார்த்தாள். கைகள் மட்டும் தெரிந்தன.

"இதுவே அதிகம். தனியாத் தூக்கக் கூடாது. ரெண்டு பேர் சேர்ந்து தூக்கணும்" என்றாள் பென்சிலிடம்.

"தூக்கிடுவாங்கம்மா, தாராளமா தூக்கிடுவாங்க" என்றார் அவர், அவள் எழுதி முடிப்பதற்குள்.

நெட்டைக்குத் தெரியும். இவள் வாசலைத் தாண்டியதும் இரண்டாவது ஆள் தன் மிஷினுக்குப் போய்விடுவாள். அளவுக்காரம்மா நோட்டை மூடினாள். தராசைக் கழற்றக் கையை உயர்த்தினாள். அண்ணி பத்தடி தள்ளி ஆவிக்குள் நின்றிருந்தாள். சொல்லாதே என்று அந்தக் கைகள் முந்தானையைப் பிசைந்தன. காதில் விழுந்த உதையும் கொத்தனாரின் அழுகையும் நெட்டைக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வந்தன.

"அம்மா" என்றாள். "ரெண்டு மணிக்கு மேல வந்து பாருங்க."

"ஏன், ரெண்டு மணிக்கு என்ன?"

 சொட்டு விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அப்பதான் அது ஏறும்" என்றாள் நெட்டை.

அளவுக்காரம்மா சிரிக்கவில்லை. பையைக் கீழே வைத்தாள். "சரி. சாப்பாட்ட இங்கயே முடிச்சுக்கறேன்."

பெண்களோடு உட்கார்ந்து தன் டப்பாவைத் திறந்து சாப்பிட்டாள். எத்தனை பிள்ளைகள், எங்கே வீடு என்று பேசிக்கொண்டிருந்தாள். அண்ணி மட்டும் சாப்பிடவில்லை. பென்சில் வெளியே நின்று போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார்.

இரண்டேகாலுக்குச் சத்தம் மாறியது.

மற்ற ஐந்து மிஷின்காரிகளும் வேலையை நிறுத்திவிட்டார்கள். இழுவை நீண்டு, முனகி, அடங்கியது. அளவுக்காரம்மாவும் பென்சிலும் ஆளுக்கொரு காதைப் பிடித்து மூட்டையைத் தூக்கினார்கள். பாதியில் பென்சில் "அம்மாடி" என்றார். கொக்கியில் மாட்டினார்கள். தராசு முள் ஆடி ஆடி நின்றது. இருபத்தாறரை.

 மூட்டை மெதுவாகச் சுழன்றது. அடியிலிருந்து தண்ணீர் ஒரு நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே முள் நகர்ந்தது. இருபத்தாறு. கொஞ்சம் கழித்து இருபத்தைந்தே முக்கால். இருபத்தைந்தரை. வலைக்குள் வளைந்திருந்த முதுகு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. தலைபோல இருந்த இடம் சரிந்து அமுங்கியது.

"எறங்குது" என்றாள் ஒருத்தி ஆவிக்குள்ளிருந்து. "எறங்குது பாரு."

அளவுக்காரம்மா மிஷினின் பின்பக்கம் போய்க் குனிந்தாள். தகரத்தைத் தொட்டுப் பார்த்துக் கையை உதறினாள். "சூடு. ரப்பர் தீயற வாசம் வரல உங்களுக்கு?"

"அது எப்பவும் வர்ற வாசம்தானே" என்றாள் பக்கத்து மிஷின்காரி.

"மோட்டார் சூடாச்சுன்னா பெல்ட் வழுக்குது. டிரம் முழு வேகத்துல சுத்தல. பிழியாத தண்ணிய நீங்க தூக்கிட்டு இருக்கீங்க. மெக்கானிக் யாரும் பாக்கலயா?"

பென்சில் காதிலிருந்த பென்சிலை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "தெனமும் பாக்கறாரும்மா. காலைல. பன்னெண்டு மணிக்கு அவருக்கு டூட்டி முடிஞ்சிடும்."

அப்போதுதான் அண்ணி முன்னால் வந்தாள். முழங்கைவரை நனைந்திருந்த கைகளை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தாள். துடைத்து முடியவில்லை.

"ஏம்மா. அப்ப என்னோடது இதனாலதானா?"

அளவுக்காரம்மாவுக்கு முதலில் புரியவில்லை. பக்கத்தில் இருந்தவள் தாழ்ந்த குரலில் சொன்னாள். மூன்று பேர், ஆறு வருஷம், இந்த மூலை.

"இதனாலதான்னு நான் சொல்ல மாட்டேன்மா" என்றாள் அளவுக்காரம்மா. "கனம் தூக்காதவங்களுக்கும் கலையுது. இதையே தூக்கினவங்களுக்குத் தங்குது. இது ஆபத்தக் கூட்டும், அவ்வளவுதான் தெரியும். உங்களோடது எதனாலன்னு இனிமே யாராலயும் சொல்ல முடியாது. உங்களத் தூக்க விட்டிருக்கக் கூடாது. அத மட்டும் எங்க வேணாலும் எழுதித் தருவேன்." மற்றப் பெண்களிடம் திரும்பினாள். "இங்க நின்னு நல்லபடியாப் பெத்தவங்க யாராவது உண்டா?"

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி விரலை மடக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாள், "ரெண்டு பேர் இருக்காங்க." அந்த இரண்டு பேரை அதுவரை யாரும் எண்ணியதில்லை.

அண்ணி முக்காலியில் உட்கார்ந்தாள். "மாசமானவங்கள இங்க கொண்டாந்து நிறுத்தினது நான்தான்" என்றாள். "முக்காலி இருக்குன்னு."

தராசு முள் இருபத்து மூன்றில் நின்றிருந்தது.

மறுநாளே மூன்றாம் நம்பரை நிறுத்தி மூடிக் கட்டினார்கள். நெட்டையைத் துணி மடிக்கும் மேஜைக்கு மாற்றினார்கள். அளவுக்காரம்மாவின் எழுத்தில் அவளை வீட்டுக்கு அனுப்பக் கூடாது, சம்பளத்தைத் தொடக் கூடாது என்று இருந்ததாம். உட்கார்ந்து மடிக்கிற வேலை. தலையணை உறைகளும் குழந்தைப் பிரிவின் சின்னச் சின்னத் துணிகளும்தான். அண்ணி அதன்பிறகு வீட்டில் சரியாகப் பேசவில்லை. கோபமா என்று கொத்தனார் கேட்டதற்கு, "எனக்கு எதுக்குடா கோபம்" என்றாள். அவ்வளவுதான்.

மாதம் நிறைந்து நெட்டைக்குப் பெண் பிறந்தது. நீளக் கால். "பொறந்த அன்னைக்கே என் முழங்காலுக்கு வந்துட்டா" என்றான் கொத்தனார். அவன் கால் ஊன்றி நடக்க ஆரம்பித்திருந்தான். நாலு மாதம் கழித்து, பிள்ளையை அவனிடம் விட்டுவிட்டு அவள் வேலைக்குத் திரும்பினாள்.

மூன்றாம் நம்பர் மறுபடி ஓடிக்கொண்டிருந்தது. புது பெல்ட், புது மோட்டார். இருந்தாலும் அங்கே நிற்க ஒருத்தியும் ஒப்பவில்லையாம். அண்ணியே கேட்டு வாங்கிக்கொண்டாளாம். இதைப் பென்சில்தான் சொன்னார். வீட்டில் அண்ணி சொல்லவேயில்லை.

மத்தியானம் மடிக்கும் மேஜையிலிருந்து நெட்டை அந்தப் பக்கம் போனாள். ஆவிக்குள் அந்தக் கைகளைத் தேட வேண்டியிருக்கவில்லை. மிஷின் முனகாமல் சுத்தமாக நின்றது. அண்ணி மூடியைத் திறந்தாள். கால்களை அகட்டி வைத்தாள். முழங்காலை மடித்தாள். மூச்சைப் பிடித்து, கழுத்து நரம்பு புடைக்கத் தூக்கினாள். மூட்டை சட்டென்று மேலே வந்துவிட்டது. அந்த வேகத்தில் அண்ணி இரண்டடி பின்னால் தடுமாறினாள்.

"பாத்து அண்ணி! என்ன இது, புதுசாத் தூக்கற மாதிரி."

"தெனமும் இப்படித்தான்" என்றாள் அண்ணி. மூட்டையை வண்டியில் போட்டாள். போட்ட பிறகும் அதன்மேல் வைத்த கையை எடுக்கவில்லை. "பழக மாட்டேங்குதுடி. ஒவ்வொரு தடவயும் கனமா இருக்கும்னுதான் குனியறேன்."

"கனம் போனது நல்லதுதானே அண்ணி."

"நல்லதுதான்." அண்ணி ஈரத் துணியை வலையோடு அழுத்திப் பார்த்தாள். "ரெண்டு மணியானா என்னோடது வந்து உக்காருதுன்னு நெனச்சிருந்தேன். யாருகிட்டயும் சொன்னதில்ல. அஞ்சு மாசத்துல போனது, எங்க போயிருக்கும்? இங்கதானே சுத்தும்? தெனமும் மத்தியானம் நான் இந்தப் பக்கம் வந்து, நின்னவகிட்டருந்து ஒரு மூட்டைய வாங்கித் தூக்குவேன், பாத்திருக்கியா? கனமாத்தான் இருக்கும். அந்தக் கனம் எனக்குப் போதும்." குரல் இறங்கியது. "உன்ன இங்க நிறுத்தினதும் அதனாலதான். முக்காலிக்காக இல்ல. உன் புள்ளைய அது பாத்துக்கும்னு நெனச்சேன். தம்பி புள்ளையாச்சே. உன்னோடது அசையாமக் கெடந்துச்சே, அன்னைக்குக்கூட நம்பிக்கிட்டுதான் இருந்தேன்."

நெட்டைக்கு ஒரு கணம் அந்தக் கைகளைப் பார்க்கவே பயமாக இருந்தது. அடுத்த கணம் அந்தப் பயத்தின் மேலேயே அழுகை வந்தது. அண்ணியின் பக்கத்தில் போய் நின்றாள்.

அடுத்த மூட்டை சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் மிஷினைப் பார்த்தபடி நின்றார்கள். சுவர்க் கடிகாரத்தில் இரண்டரை. மிஷின் நின்றது. அண்ணி மூடியைத் திறந்தாள். நெட்டை ஒரு காதைப் பிடித்தாள். அண்ணி மறு காதைப் பிடித்தாள். கால்களை அகட்டி, முழங்காலை மடித்து, இருவருமே மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த நொடியில் அது கனமாக இருந்துவிடக்கூடாதா என்று நெட்டைக்கு இருந்தது.

மூட்டை லேசாக வந்தது.